'நன்றி: கூகுள்' என்று எழுதாதீர்கள்

அக்கா பையன் காலேஜ் புராஜெக்டுக்குக் கொடுமணலை எடுத்திருக்கிறான். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் வடகரையில் இருக்கிற ஊர், தோண்டத் தோண்டக் கல்மணிகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்த இடம். நன்றாகத்தான் எழுதியிருந்தான், ஆனால் பன்னிரண்டு படத்துக்கும் கீழே 'நன்றி: கூகுள்' என்று இருந்தது. கூகுள் படம் எடுக்காது கண்ணு, படம் இருக்கிற இடத்துக்கு வழிதான் காட்டும் என்றேன். படத்தைத் தொட்டு அது இருக்கிற தளத்துக்கே போய், எடுத்தது யார் என்று பார்க்க வேண்டும்.

எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இருந்தால் வேலை சுலபம், எடுத்தவர் பெயர், தேதி, உரிமம் எல்லாம் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்துப் படத்துக்கு நேர் கீழே இந்த வரிசையில் எழுதுங்கள்: படம் 3, கொடுமணல் அகழாய்வுக் குழி, எடுத்தவர் பெயர், ஆண்டு, விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. கடைசியில் இருப்பதுதான் உரிமம், சிசி என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ். பிஒய் என்றால் எடுத்தவர் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஸ்ஏ இருந்தால், படத்தை மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்டி இருந்தால் மாற்றியதை வெளியிடவே கூடாது. உரிமம் பற்றி ஒன்றுமே போடாத படத்தை இலவசம் என்று நினைக்காதீர்கள், நம் சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும் எடுத்தவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பேசாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நீங்களே படம் எடுத்து, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

புத்தகம் என்றால் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பக்க எண். மேற்கோள் காட்டும் முறை ஏபிஏவோ எம்எல்ஏவோ, துறையில் சொன்னதைக் கடைசிவரை மாற்றாமல் பிடியுங்கள்.

பலரும் தவறுவது வேறு இடத்தில். பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் 'கொடுமணம்' என்று வருகிறது, அது இந்தக் கொடுமணல்தான் என்கிறார்கள். அதை ஒரு வலைத்தளத்தில் படித்துவிட்டு, உ.வே.சா.வின் 1904 பதிப்பைப் பார்த்ததாகப் பட்டியலில் எழுதக் கூடாது. பார்த்தது வலைத்தளம் என்றால் அதையே சொல்லுங்கள், முகவரியோடு பார்த்த தேதியும் வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு இருக்கிற பக்கம் வைவா (வாய்மொழித் தேர்வு) அன்றைக்கு இல்லாமல் போகலாம். முகவரியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது. நான் அப்படி விட்ட ஒரே ஒரு மேற்கோளுக்காக இரண்டு ராத்திரி தேடி, கடைசியில் அந்தப் பத்தியையே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் ஆதாரம்தான். மஞ்சள் வேகவைக்கும் பக்குவத்தை அப்பாரு சொன்னால், அவர் பெயர், ஊர், பேசிய தேதி போட்டு 'நேர்காணல்' என்று குறியுங்கள். பதிவு செய்யும் முன்பே, பெயர் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் 'மஞ்சள் விவசாயி, கொடுமுடி பகுதி' என்று போட்டாலே போதும்.