சொல் மூளையின் எந்தப் பக்கம் சேர்கிறது: கணினித் திரையில் ஒரு சோதனை

ஒருமொழியாளரும் இருமொழியாளரும் சொற்களை அறிவதில் மூளையின் எந்த அரைக்கோளம் முந்துகிறது என்பதை, ஸ்கேன் கருவி இல்லாமலே கணினித் திரையைக் கொண்டு ஓரளவு சோதிக்கலாம். பார்வை ஊன்றிய புள்ளிக்கு வலப்புறம் தோன்றும் சொல் முதலில் இடது அரைக்கோளத்தையும், இடப்புறம் தோன்றுவது வலது அரைக்கோளத்தையும் சென்றடைகிறது. இதற்காக ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது பிழை. ஒவ்வொரு கண்ணும் இரு அரைக்கோளங்களுக்குமே செய்தி அனுப்புகிறது.

முதலில் பங்கேற்பாளரின் கைப்பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலக்கையரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழித்திறன் இடது அரைக்கோளத்தில் மேலோங்கியிருக்கிறது; இடக்கையரில் அது சுமார் 70 விழுக்காடுதான். இரண்டாம் மொழியைக் கற்ற வயது இதனினும் முக்கியம். ஹல், வைத் ஆகிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், ஆறு வயதுக்குள் இரு மொழிகளையும் கற்றவர்களிடம் இரு அரைக்கோளங்களும் பங்கேற்பதாகவும், ஒருமொழியாளரிடமும் பிற்காலத்தில் கற்றவர்களிடமும் இடது அரைக்கோளமே மேலோங்குவதாகவும் கண்டனர். எனவே 'இருமொழியாளர்' என்று ஒரே பெட்டியில் எல்லோரையும் அடைத்துவிட்டால் சோதனையின் பயனே போய்விடும்.

திரையிலிருந்து 57 செ.மீ. தொலைவில் அமரச் செய்தால், திரையின் 1 செ.மீ. பார்வைக்கோணத்தில் 1 பாகையாக அமையும். நடுவில் ஒரு கூட்டல் குறியை வைத்து, சொல்லின் உள்விளிம்பு அதிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளியிருக்கும்படி காட்டுங்கள். கண் சொல்லை நோக்கித் திரும்ப ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகுமாதலால், சொல் அதற்குள் மறைந்துவிட வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 9 புதுப்பிப்புகள் என்றால் 150 மில்லிநொடி.

'கதவு' போன்ற சொற்களையும் 'கதளு' போன்ற பொருளற்ற எழுத்துத் தொடர்களையும் கலந்து காட்டி, சொல்லா அல்லவா என்று பொத்தானை அழுத்தச் சொல்லி, அழுத்த ஆகும் நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். தமிழ், ஆங்கிலச் சொற்களை எழுத்தெண்ணிக்கையால் ஒப்பிடாமல் திரையில் அவை பிடிக்கும் அகலத்தால் ஒப்பிடுங்கள்; 'பஸ்' போல இரு மொழியிலும் வழங்குபவற்றைத் தவிருங்கள். கையை இயக்குவதும் எதிர்ப்புற அரைக்கோளமே என்பதால், பாதிச் சுற்றுகளை வலக்கையாலும் பாதியை இடக்கையாலும் செய்ய வைப்பது நல்லது.

இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழிகளில், வலப்புறச் சொல்லின் முதலெழுத்து நடுப்புள்ளிக்கு அருகில் விழுகிறது. வலப்புறம் முந்துவதற்கு இதுவும் ஓரளவு காரணமாகலாம். ஒருவரது முடிவை அவரது மூளையின் இயல்பாகக் கொள்ளாமல், குழுக்கள் விடையளிக்க எடுக்கும் சராசரி நேரங்களையே ஒப்பிடுங்கள். சரியான விடைகள் பாதியளவுக்கு இறங்கினால் அவர் ஊகிக்கிறார் என்று பொருள். அப்போது சொல் திரையில் தோன்றும் நேரத்தை நீட்டாமல் எழுத்தைப் பெரிதாக்கி மீண்டும் தொடங்குங்கள்.