இணைப்புக் குறியை ரெகெக்ஸால் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிபிகோடில் (கருத்துக்களப் பதிவுகளில் சதுர அடைப்புக்குள் எழுதும் குறிகள்) உள்ள இணைப்பை எச்டிஎம்எல் ஆக்க ஒரு வரி ரெகெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் குறிமுறை) போதும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். ஒரே ஒரு இணைப்பை வைத்துச் சோதித்தால் வேலையும் செய்யும். வினை இரண்டாவது இணைப்பில் இருக்கிறது.

[யூஆர்எல்=அ]ஒன்று[/யூஆர்எல்] பிறகு [யூஆர்எல்=ஆ]இரண்டு[/யூஆர்எல்]

பேட்டர்னில் .* (எந்த எழுத்தும், முடிந்தவரை அதிகமாக) இருந்தால் முதல் குறியில் தொடங்கிக் கடைசி மூடுகுறி வரை வாரிச் சுருட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே இணைப்பாகிவிடும். .*? (முடிந்தவரை குறைவாக) என்று மாற்றுவது பாதித் தீர்வுதான். குறி அரைகுறையாக இருந்தால் அதுவும் எல்லை தாண்டும். முகவரிக்கு [^\]]+ எழுதுங்கள், அதாவது மூடும் சதுர அடைப்பைத் தவிர எதுவும்.

தொடக்க அடைப்புக்கு முன் பின்சாய்கோடு போட மறந்தால், உள்ளே இருப்பதில் ஏதாவது ஓர் எழுத்தோடு பொருத்திப் பார்க்கும். இது உடனே கண்ணில் பட்டுவிடும், போகட்டும்.

கண்ணில் படாதது, ரெகெக்ஸ் பிடித்த முகவரியை அப்படியே ஹெச்ரெஃபில் (இணைப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எச்டிஎம்எல் பண்பு) வைப்பது. ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கும் முகவரியை யாராவது கொடுத்தால், சொடுக்குகிறவரின் உலாவியில் அது நிரலாக ஓடும். அந்தச் சொல்லைத் தேடித் தடுப்பது வீண்வேலை: நடுவில் ஒரு டேப் செருகினால் உங்கள் ரெகெக்ஸ் ஏமாறும், உலாவியோ டேப்பை நீக்கிவிட்டுப் படிக்கும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று தொடங்குபவற்றை மட்டும் அனுமதியுங்கள்.

முகவரிக்குள் ஒரு மேற்கோள்குறி வந்தாலும் ஆபத்துதான். ஹெச்ரெஃபை அங்கேயே மூடிவிட்டு வேறு பண்புகளைச் சேர்க்கலாம். அதனால் முதலில் எஸ்கேப் (மேற்கோள், < போன்ற குறிகளை வெறும் எழுத்தாகக் காட்டும் வடிவுக்கு மாற்றுவது), பிறகு ரெகெக்ஸ். வரிசை மாறினால் நீங்கள் உருவாக்கிய இணைப்பே வெறும் எழுத்தாகத் திரையில் நிற்கும். பிஎச்பி நிரல்மொழியில் 8.1 பதிப்புக்கு முன் எஸ்கேப் செய்யும் ஃபங்ஷன் ஒற்றை மேற்கோளை இயல்பாகத் தொடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வெறும் முகவரிகளைத் தானாக இணைப்பாக்கும் இன்னொரு ரெகெக்ஸ் வைத்திருந்தால், அது ஹெச்ரெஃபுக்குள் இருப்பதையும் மாற்றி இணைப்புக்குள் இணைப்பு போட்டுவிடும். இரண்டையும் ஒரே சுற்றில் முடிப்பது நல்லது.

நான் அரை நாள் தொலைத்தது வேறொன்றில். நீளமான பதிவு ஒன்று முழுக்கக் காலியாக வந்தது, பிழைச்செய்தி ஏதுமில்லை. பின்தேடல் வரம்பை (பொருந்தாதபோது ரெகெக்ஸ் பின்வாங்கி மறுபடி முயல்வதற்கான உச்ச எண்ணிக்கை) தாண்டினால் பிஎச்பி சத்தமில்லாமல் ‘நல்’ (மதிப்பே இல்லை என்பது) தரும். அதைத்தான் நான் அப்படியே சேமித்துக்கொண்டிருந்தேன். இப்போது ‘நல்’ வந்தால் மூல உரையையே எஸ்கேப் செய்து காட்டிவிடுகிறேன்.