நிலவின் குறுக்கே ஏதோ பறக்கிறதா? வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலவை ஜூம் செய்து எடுத்த ஒரு வீடியோ. வெள்ளை வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளி ஓடி மறைகிறது. உடனே "நிஜமா, கிராஃபிக்ஸா" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நிற்கிறார்கள். வானம் பார்க்கத் தொடங்கும் ஒவ்வொரு தலைமுறையும் இதே இடத்தில்தான் இடறுகிறது. லென்ஸ் தூசி, சென்சாரில் செத்துப்போன பிக்சல் எல்லாம் பலருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறோம்.

தூரம் தெரியாமல் அளவு சொல்வது

மற்ற எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். இத்தனை முறை விளக்கிய பிறகும் இதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

பொருள் நிலவுக்கு முன்னால் தெரிந்தது. வீடியோ சொல்வது அவ்வளவுதான். லென்ஸுக்கும் நிலவுக்கும் நடுவே சராசரியாக 3,84,400 கி.மீ. இருக்கிறது, பொருள் அதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் புதியவர் கணக்குப் போடுகிறார்: நிலவின் விட்டம் 3,474 கி.மீ., படத்தில் அது 1,000 பிக்சல், ஆக ஒரு பிக்சல் மூன்றரை கி.மீ.; புள்ளி 20 பிக்சல், எனவே 70 கி.மீ. நீளக் கப்பல்! பெருக்கலில் பிழை இல்லை. பொருள் நிலவை ஒட்டி இருக்கிறது என்ற அனுமானத்துக்குத்தான் ஆதாரமே கிடையாது.

அதே அனுமானத்தில் வேகத்தையும் பாருங்கள். வட்டத்தை 2 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 1,737 கி.மீ. நிலவைத் தாழ்வாகச் சுற்றும் விண்கலத்தின் வேகமோ விநாடிக்கு சுமார் 1.6 கி.மீ.தான், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக அதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். இந்த முரணைக் கண்டதும் "மனிதனால் முடியாத வேகம்" என்று முடிவு கட்டுகிறார்கள். தூரம் தப்பு என்று அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வரும்போது நிலவின் வட்டத்தை ஏறக்குறைய அரை விநாடியில் தாண்டிவிடும். இன்னும் கிட்டே வாருங்கள். ஒரு கி.மீ. தொலைவில் அந்த வட்டத்தின் அகலம் வெறும் 9 மீட்டர். சாதாரணமாகப் பறக்கும் கொக்குக்கு அதைக் கடக்க ஒரு விநாடி போதும். இரவில் வலசை போகும் பறவைகளை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லவுரி 1940-களில் இப்படித்தான் எண்ணினார்: சிறிய தொலைநோக்கியை நிலவை நோக்கித் திருப்பி, குறுக்கே போகும் நிழலுருவங்களைக் குறித்துக்கொள்வது.

தூரத்தை அறிய இரண்டு கேமரா வேண்டும். சுமார் 10 கி.மீ. இடைவெளியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுக்கட்டும். பொருள் உண்மையிலேயே நிலவை ஒட்டி இருந்தால், இரண்டு படத்திலும் 3 பிக்சலுக்கு மேல் இடம் மாறாது. 500 கி.மீ. தொலைவில் போகும் செயற்கைக்கோள் என்றால் நிலவின் அகலத்தைப் போல இரு மடங்குக்கு மேல் தள்ளிப் போகும். இரண்டாவது கேமராவில் அது நிலவின் மீதே வராது. பறவை என்றால் கேட்கவே வேண்டாம்.

நிலவில் விண்கல் மோதும்போது எழும் ஒளியைப் பதிவு செய்யும் நாசா குழுவும் ஒரே தொலைநோக்கியை நம்புவதில்லை. விண்வெளியிலிருந்து வந்து சென்சாரில் மோதும் காஸ்மிக் கதிரும் செயற்கைக்கோளின் பளிச்சிடலும் ஏமாற்றிவிடும். 2013 மார்ச் 17 அன்று பதிவான ஒளிக்குப் பிறகு, நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் அங்கே சுமார் 18 மீட்டர் அகலத்தில் புதுப் பள்ளத்தைப் படம் பிடித்தது. நிலவில் ஒன்று நடந்தது என்று சொல்ல இந்த அளவு ஆதாரம் வேண்டும்.

தெளிவாக இருப்பதால் தூரத்தில் இருக்கிறது என்பது

பாதிதான் சரி. நிலவுக்கு ஃபோகஸ் வைத்த, 80 மி.மீ. அகல லென்ஸ் கொண்ட தொலைநோக்கியில், அதே 1,000 பிக்சல் படத்தில், 100 மீட்டரில் பறக்கும் பூச்சியின் விளிம்பு 90 பிக்சல் அளவுக்குக் கலங்கும். ஒரு கி.மீ.யில் 9 பிக்சல். 10 கி.மீ.யில் ஒரே பிக்சல், அதாவது கலங்கலே தெரியாது. தெளிவான விளிம்பு பூச்சியையும் பக்கத்துப் பறவையையும் விலக்கிவிடும். உயரத்தில் போகும் பலூனையோ செயற்கைக்கோளையோ விலக்காது.

வாட்ஸ்அப்பில் வந்ததை அலசுவது

வேண்டாம். அனுப்பும்போதே வீடியோ சுருக்கப்பட்டு நுணுக்கங்கள் போய்விடும். மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிழலைக் கண்டதும் நம்பிவிடுவது

தூரத்தை ஒரே கேமராவில் காட்டக்கூடியது, நிலவின் தரையில் விழும் பொருளின் நிழல் ஒன்றுதான். அதனால்தான் போலி செய்பவர்களும் அதை வரைகிறார்கள். மூன்றைப் பாருங்கள். பள்ளங்களின் நிழல் விழும் திசையிலேயே இதுவும் விழ வேண்டும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது உருவம் சிதைய வேண்டும். சூரியன் நிலவிலிருந்து பார்த்தாலும் அரை டிகிரி அகலம் என்பதால், தரையிலிருந்து 300 கி.மீ. உயரத்தில் உள்ள பொருளின் நிழல் விளிம்பு ஏறக்குறைய 3 கி.மீ. மங்க வேண்டும். கத்தியால் வெட்டியது போன்ற நிழல் என்றால் சந்தேகப்படுங்கள்.

நகர்ந்தது எது என்று பாராமல் விடுவது

1972-ல் அப்பல்லோ 16 திரும்பி வரும்போது எடுத்த படச்சுருளில், நிலவின் அருகே தட்டு வடிவில் ஒன்று சுமார் 4 விநாடி தெரியும். பல ஆண்டுகள் அதைப் பறக்கும் தட்டு என்றார்கள். ஜான்சன் விண்வெளி மையத்தின் படப் பகுப்பாய்வுக் குழு ஃபிரேம்களை நிலைப்படுத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தது. தட்டோடு ஒட்டிய மெல்லிய கோடு ஒன்று வெளிப்பட்டது. கலத்தின் வெளியே நீட்டியிருந்த கம்பியும் அதன் நுனியில் இருந்த விளக்கும்தான் அது. நகர்ந்தது கேமரா.

கேமரா கடிகாரத்தை நம்புவது

படம் எடுத்த கையோடு, ஜிபிஎஸ் நேரம் காட்டும் போன் திரையை அதே கேமராவில் 10 விநாடி பதிவு செய்யுங்கள். விண்வெளி நிலையம் நிலவைக் கடப்பது தெரியும் பாதை தரையில் சில கி.மீ. அகலமே. நின்ற இடம் சில நூறு மீட்டருக்குள்ளும் நேரம் விநாடிக்குள்ளும் தெரியாவிட்டால், செயற்கைக்கோள் பட்டியலோடு ஒப்பிட வழியில்லை.