விளையாட்டுச் சாமான் வண்டி செய்யும்போது நடக்கும் தவறுகள்

பள்ளிக்கு ஒரு சாமான் வண்டி செய்யலாம் என்றதும் எல்லாரும் கேட்பது, எத்தனை பந்து கொள்ளும் என்றுதான். பந்தில் என்ன இருக்கிறது? ஒரு வாலிபால் அதிகபட்சம் 280 கிராம், ஐம்பதை அள்ளிப் போட்டாலும் 14 கிலோதான். ஆனால் ஆண்கள் எறியும் இரும்புக் குண்டு ஒன்றே 7.26 கிலோ, தடை ஓட்டத்துக்கு வைக்கும் தடை ஒன்று குறைந்தது 10 கிலோ. பந்தை நினைத்து மெல்லிய குழாயில் சட்டம் அடித்துவிட்டால், இருபது தடைகளை ஏற்றுகிற அன்றைக்கே 200 கிலோவில் அது வளைந்துவிடும். எடை அதிகமான சாமானிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்தது அளவு. எங்கள் முதல் வண்டியின் அகலம் 28 அங்குலம், ஸ்டோர் ரூம் கதவு நிலை 30 அங்குலம், அதனால் தாராளமாகப் போகும் என்று நம்பினோம். திறந்த கதவின் தடிமனே நிலைக்குள் ஒன்றரை அங்குலத்தை அடைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதோடு சக்கர போல்ட்டின் முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கதவையே கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. நிலையை மட்டும் அளக்காமல், கதவைத் திறந்து வைத்து மிஞ்சுகிற இடைவெளியை அளந்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் விட்டுச் செய்யுங்கள்.

சக்கரத்தில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. மூன்று அங்குல நைலான் சக்கரம் சிமென்ட் வராண்டாவில் வழுக்கிக்கொண்டு ஓடும், மைதான மணலில் கால் வைத்ததும் புதைந்துவிடும். எட்டு, பத்து அங்குலத்தில் காற்றடிக்கும் டயர் போடுங்கள். நான்கையும் சுழலும் சக்கரமாகப் போட்டால், சரிவில் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும், ஏழாம் வகுப்புப் பையனால் பிடித்து நிறுத்த முடியாது. கைப்பிடிப் பக்கம் இரண்டு சுழல, முன்னால் இரண்டு நேராக நிற்கட்டும், சுழலும் இரண்டிலும் பிரேக் இருக்கட்டும்.

ஈட்டியை இதில் ஏற்றாதீர்கள். ஆண்கள் ஈட்டி 2.6 மீட்டருக்குக் குறையாது, படுக்க வைத்தால் முனை வெளியே நீட்டும், நிற்க வைத்தால் ஏழடிக் கதவில் இடிக்கும். முனை தரையைப் பார்க்க, செங்குத்தாகப் பிடித்துக் கையிலேயே கொண்டுபோகட்டும்.

அப்புறம் சோதனை. மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிடுகிறார்கள். மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், குண்டு உருளும். திருப்பத்தில் ஐந்தாறு குண்டுகள் ஒரே பக்கம் ஓடிச் சேர்ந்தால் வண்டி சாயும். அதனால் குண்டுகளை அடித்தட்டில் தனித்தனித் தடுப்புக்குள் வையுங்கள், பிறகு உண்மையான சாமானோடு, தினமும் போகிற வழியிலேயே, வாசற்படி, சரிவு, மணல் எல்லாம் தாண்டி, பிள்ளைகளையே தள்ளச் சொல்லிப் பக்கத்தில் நடந்து போங்கள். சாமான் எடையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி ஒரு ராத்திரி நிறுத்தியும் வையுங்கள். இதெல்லாம் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும், அப்போதுதான் சக்கரத் தகட்டில் வெல்டிங் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும், திரும்பப் பற்றவைப்பதும் சுலபம்.

உள்பக்கம் முழுக்க ஒரு பருத்தித் துணியால் தடவுங்கள். நூல் மாட்டுகிற இடமெல்லாம் நாளைக்குப் பந்தையும் பிள்ளைகளின் விரலையும் கிழிக்கிற பிசிறு, அதை அன்றைக்கே தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

ஓட ஆரம்பித்துப் பதினைந்து நாளில் நட்டுகளை ஒருமுறை முடுக்குங்கள், அதிர்வில் கட்டாயம் தளர்ந்திருக்கும்.