பழைய பேஸ் டிரம் பெடல்: பிரிப்பதிலிருந்து டிரம்மில் மாட்டும் வரை

பேஸ் டிரம்மைக் காலால் அடிக்க உதவும் பழைய பெடல் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது ஸ்பிரிங்கை முறுக்குவதுதான். மிதித்தால் கனமாக இருக்கிறது, பீட்டர் (டிரம்மை அடிக்கும் சுத்தி போன்ற தண்டு) சோம்பலாகத் திரும்புகிறது, அப்படியென்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் முதல் பழைய பெடலில் நானும் அதைத்தான் செய்தேன். முறுக்க முறுக்கக் கெண்டைக்கால் வலி கூடியதே தவிர, பீட்டரின் வேகம் கூடவில்லை. பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங்கில் குறையே இல்லை. பேரிங்குக்குள் பல வருடத்து கிரீஸ் மெழுகாக உறைந்து கிடந்தது. அன்றிலிருந்து எந்தப் பெடலானாலும் முதலில் சுத்தம், பிறகு எண்ணெய், கடைசியில்தான் ஸ்பிரிங். இங்கேயும் அந்த வரிசையிலேயே போகலாம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஃபுட்போர்டையும் (கால் மிதிக்கும் பலகை) மேலே பீட்டரோடு சுழலும் அச்சையும் எது இணைக்கிறது என்று பாருங்கள். தோல் அல்லது நைலான் பட்டை இருந்தால் அது ஸ்ட்ராப் பெடல். சைக்கிள் செயின் போல இருந்தால் செயின் பெடல். பட்டையும் இல்லாமல், செயினும் இல்லாமல் உலோகத் துண்டே இணைத்தால் அதை டைரக்ட் டிரைவ் என்பார்கள். 1937-ல் வந்த லுட்விக் ஸ்பீட் கிங் இந்த மூன்றாவது வகை. (லுட்விக் நிறுவனமே 1909-ல் சிகாகோவில் ஒரு பேஸ் டிரம் பெடலை நம்பித்தான் தொடங்கியது.)

அடுத்து ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல பெடல்களில் அது பக்கவாட்டில் வெளியே தொங்கும், இழுபடும். ஸ்பீட் கிங்கில் இரண்டு ஸ்பிரிங்குகள் இரண்டு தூண்களுக்குள்ளும் ஒளிந்து, அமுங்கி வேலை செய்கின்றன. முறுக்கும் திருகு தூணின் அடியில் இருக்கும். இது தெரியாமல், ஸ்பிரிங்கே இல்லாத பெடலை ஏமாந்து வாங்கிவிட்டதாகப் பதறுபவர்கள் உண்டு.

பிரிப்பதற்கு முன் சோதனை

இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். வெளியே ஸ்பிரிங் உள்ள பெடல் என்றால் ஸ்பிரிங்கைக் கொக்கியிலிருந்து கழற்றுங்கள். ஸ்ட்ராப்பையும் ஃபுட்போர்டிலிருந்து விடுவியுங்கள். இப்போது அச்சு தனியாக நிற்கிறது. பீட்டரை விரலால் தள்ளிவிடுங்கள். ஊஞ்சல் போலப் பலமுறை ஆடி அடங்கினால் பேரிங் நலம். பாதியிலேயே நின்றால் உள்ளே அழுக்கு. மணல் நெரிவது போல விரலில் பட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். லொடலொடவென்று ஆடக் கூடாது. பிறகு ஃபுட்போர்டைத் தனியாகத் தூக்கி இறக்கி, குதிகால் பக்கக் கீல் இறுக்கமா, சத்தம் போடுகிறதா என்று கேளுங்கள். மிதிக்கும்போது கனம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

பிரித்தல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்பிரிங் திருகைக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதே இடத்திலிருந்து தொடங்கலாம்.

தூணுக்குள் ஸ்பிரிங் இருந்தால் அடித்திருகை மெதுவாக, உள்ளங்கையால் பொத்திக்கொண்டே கழற்றுங்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் துள்ளி வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

திருகு அசையவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு அப்படியே வையுங்கள். திருகின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய அமெரிக்கப் பெடல்களில் மரைகள் அங்குல அளவில் இருக்கும். காணாமல்போன திருகுக்குப் பதிலாக மில்லிமீட்டர் அளவுத் திருகைத் திணித்தால் மரை போய்விடும், வார்ப்பு உலோகத்தில் போன மரையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

சுத்தம்

உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. தோல் ஸ்ட்ராப்பும் பீட்டர் தலையின் ஃபெல்ட் துணியும் இந்தத் திரவத்தின் பக்கமே வரக் கூடாது. இரு பக்கமும் மூடிய பேரிங் என்றால் அதையும் ஊறவைக்காதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். அது நெரிந்தால் மாற்றுவதே வழி. எண் அதன் ஓரத்தில் பொறித்திருந்தால் அதையே சொல்லி வாங்கலாம்.

குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். நன்றாகப் போகும். பெயின்ட் அடித்த பாகத்தில் இதைச் செய்ய வேண்டாம். பளபளப்புக்காக இதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பழைய பெடலுக்குக் கொஞ்சம் மங்கலும் அழகுதான்.

எண்ணெய்

திறந்த பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு. கீலின் ஊசிக்கும் ஒரு சொட்டு. ஸ்பிரிங்கின் கொக்கி உரசும் இடத்தில் துளி கிரீஸ். தூணுக்குள் இருக்கும் ஸ்பிரிங் என்றால் அதன் உடல் முழுக்க மெல்லியதாக கிரீஸ் பூசியே உள்ளே விடுங்கள். வறண்ட ஸ்பிரிங் தூணின் சுவரில் உரசும்போதுதான் ஸ்பீட் கிங்குக்குப் பெயர்போன கீச்சொலி வரும். தோல் ஸ்ட்ராப்புக்கு எண்ணெய் வேண்டாம், தோல் இளகி நீளும்.

துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது சீக்கிரம் காய்ந்துவிடும். சமையல் எண்ணெய் அதைவிட மோசம், நாளடைவில் பிசினாகிவிடும்.

ஸ்ட்ராப்பை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் திருகு நுழையும் துளையருகேதான் தொடங்கும். அங்கே வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். துளைக்குத் துளை பழைய நீளமே இருக்க வேண்டும், நீளம் மாறினால் ஃபுட்போர்டின் சாய்வும் மாறிவிடும்.

டிரம்மில் மாட்டுதல்

பெடலின் அடித்தட்டு தரையில் முழுக்கப் படிய வேண்டும். டிரம்மின் முன்கால்களைச் சற்று ஏற்றி இறக்கினால் இது சரியாகும். ஹூப் (டிரம்மின் ஓர வளையம்) மரமென்றால் பெடலின் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் சின்ன ரப்பர் துண்டை வையுங்கள். பழைய கிளாம்ப்புகள் மரத்தைக் கடித்துவிடும்.

பீட்டர் தலை டிரம்மின் தோலில் முழு முகமாகப் படும்படி உயரத்தை வையுங்கள். 22 அங்குல டிரம்மின் நடுப்புள்ளி ஓரத்திலிருந்து 11 அங்குலத்தில் இருக்கிறது. நடுவுக்குச் சற்றுக் கீழே பட்டாலும் பரவாயில்லை. புதிய பீட்டர் வாங்கினால் தண்டின் தடிமனை அளந்து வாங்குங்கள். இப்போதைய தண்டுகள் ஏறக்குறைய 8 மி.மீ., சில பழைய பெடல்களின் துளை அதைவிடச் சிறியது.

கடைசியாக ஸ்பிரிங்

குறித்துவைத்த பழைய நிலையிலிருந்து தொடங்குங்கள். பீட்டர் ஓய்வில் இருக்கும்போது தோலிலிருந்து சுமார் 45 டிகிரி சாய்ந்திருந்தால் தொடக்கத்துக்குச் சரியான நிலை. காலை ஃபுட்போர்டில் வைத்து பத்து நிமிடம் வாசியுங்கள். அடித்த பீட்டர் கால் தூக்கியதும் தானாகத் திரும்பி வர வேண்டும், ஆனால் உங்கள் பாதத்தை முட்டித் தள்ளக் கூடாது. போதவில்லையென்றால் அரைச் சுற்று மட்டும் முறுக்கி, மறுபடி வாசித்துப் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங் உள்ள பெடலில் இரண்டையும் ஒரே அளவு முறுக்குங்கள், இல்லாவிட்டால் அச்சு ஒரு பக்கம் அதிகம் தேயும். சுத்தமான பெடலுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த இழுவையே போதும்.

முதல் ஒரு மணிநேர வாசிப்புக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை சரிபாருங்கள், சில கட்டாயம் தளர்ந்திருக்கும். வாசித்து முடித்தபின் ஹூப்பிலிருந்து கழற்றி, துணியால் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணெய்ச் சொட்டு.

இத்தனைக்கும் பிறகு கீச்சொலி வந்தால் எல்லா இடத்திலும் ஒரேயடியாக எண்ணெய் விடாதீர்கள். ஒரு இடத்தில் ஒரு சொட்டு விட்டு, வாசித்துக் கேளுங்கள். நிற்கவில்லையென்றால் அடுத்த இடம். எந்தச் சொட்டில் சத்தம் நின்றதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் சத்தம் அங்கிருந்துதான் கிளம்பும்.