மூட்டுக்கு மாத்திரை வாங்கும் முன்: நான் வழுக்கி விழுந்த இடங்கள்

போன சனிக்கிழமை காலை, பினாங்கு தாவரவியல் பூங்காவில் எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பையைக் காட்டினார். உள்ளே ஒன்பது பாட்டில். குளுகோசமின், கொலாஜென், மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை, கிரியேட்டின், அப்புறம் பெயரே வாயில் நுழையாத சிலது. தம்பி ஓட ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகிறது. “எதை எப்பச் சாப்பிடணும்னு கொஞ்சம் சொல்லுங்கண்ணே” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. நான் ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன ஜிம்மில் பயிற்சியாளன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் என் காரிலும் இதே மாதிரி ஒரு பை கிடந்தது. அந்தப் பையால் நான் இழந்த பணத்தைப் பற்றிக் கவலை இல்லை. வேறு ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

காலாவதித் தேதியைப் பார், தண்ணீர் நிறையக் குடி, அளவைத் தாண்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது பாட்டிலிலேயே இருக்கிறது.

வலி எதனால் என்று தெரியாமலே வாங்குவது

மூட்டு வலி என்று ஒரே ஒரு நோய் கிடையாது. படி இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் அது ஒரு கதை. உடம்பைத் திருப்பும்போது உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டு காலை நீட்ட முடியாமல் போனால் அது வேறு கதை. நடு ராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் பெரும்பாலும் யூரிக் அமிலம் செய்கிற வேலை. எங்கள் ஜிம்முக்கு வரும் ஒருவர் எட்டு மாதம் விடாமல், மூட்டுக்கென்று விற்கும் குளுகோசமின் சாப்பிட்டார். அவருக்கு இருந்தது கௌட், அதாவது அந்த யூரிக் அமில நோய். அந்த எட்டு மாதமும் பீரையும் ஆட்டு ஈரலையும் அவர் விடவில்லை, ஏனென்றால் ‘மாத்திரைதான் சாப்பிடுகிறோமே’ என்ற தைரியம்.

புதிதாக ஓடுகிறவர்களுக்கு வரும் முட்டி வலியில் பாதிக்கு மேல், தூரத்தை அவசர அவசரமாகக் கூட்டியதால் வருவது என்பது என் அனுபவம். தொடையும் இடுப்பும் வலுவாகாமல் எந்தப் பாட்டிலும் அதைச் சரிசெய்யாது.

குளுகோசமினிடம் அதிகம் எதிர்பார்ப்பது

அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம் குளுகோசமின், 1,200 மில்லிகிராம் காண்ட்ராய்ட்டின் (மூட்டுக்கென்று விற்கும் இன்னொரு சப்ளிமென்ட்), இரண்டும் சேர்த்து, ஒரு வலி மருந்து, ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரை என்று ஐந்து குழுவாகப் பிரித்து 24 வாரம் கொடுத்தார்கள். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்ததா என்று பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 விழுக்காட்டினருக்குக் குறைந்திருந்தது! குளுகோசமினோ காண்ட்ராய்ட்டினோ அதைத் தெளிவாகத் தாண்டவில்லை. மிதமானது முதல் கடுமையானது வரை வலி இருந்த ஒரு சின்னக் குழுவில் மட்டும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் கல்லூரி, முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்குக் குளுகோசமின் வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

அப்படியானால் தூக்கிப் போட வேண்டியதுதானா? நான் அவ்வளவு கறாராகச் சொல்வதில்லை. ஆசையாக இருந்தால் மூன்று மாதம் சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் தொடங்கும் நாளில், எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, பத்துக்கு எத்தனை வலி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே லேபிளைப் படிக்க வேண்டும், பெரும்பாலான குளுகோசமின் அவற்றின் ஓட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

அதே காசுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. ஒரு கிலோதான்.

“இரண்டே நாளில் வலி போயிடுச்சு”

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் அடங்காத தவறு. செய்தது நானேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பினாங்குப் பாலத்தில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வலது முட்டி வலி வந்தது. ஒரு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூலிகை மாத்திரை விற்கும் கடை. “நூறு விழுக்காடு இயற்கை, பக்கவிளைவே கிடையாது” என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறுபது மாத்திரை எண்பத்தைந்து வெள்ளி (ரிங்கிட்). வாங்கினேன். இரண்டாவது நாளே வலி மாயமாக மறைந்தது. அந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மாத்திரையைப் பற்றித்தான் பேச்சு.

அப்படிப் பேசியதில் மாட்டியவர் எங்கள் குழுவின் மூத்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் ‘மாமா’தான். எனக்கு ஒரு பாட்டில் முடிந்ததும் கையில் காசு இல்லாததால் விட்டுவிட்டேன். அது என் அதிர்ஷ்டம். மாமா ஐந்து மாதம் தொடர்ந்து சாப்பிட்டார். நான்தான் வாங்கியும் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம் அவர் கன்னம் உருண்டு வந்தது. “முகம் நல்லா செழிப்பா இருக்கே மாமா” என்றோம். பசி கூடியது, சுறுசுறுப்பாக இருந்தார். முன்கையில் இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போன கறுப்புத் திட்டுகள். அதுவரை மாத்திரையால் அடங்கியிருந்த சர்க்கரை 19 மில்லிமோலுக்கு ஏறியது. கல்யாண விருந்துகளில் கை வைத்ததால்தான் என்று அத்தை அவரைத் திட்டினார். யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகம் வரவில்லை. முட்டிதான் நன்றாக இருந்ததே!

அப்புறம் யாரோ சொன்னதைக் கேட்டு மாமா ஒருநாள் சட்டென்று நிறுத்திவிட்டார். நான்காம் நாள் வாந்தி, எழுந்து நிற்க முடியாத சோர்வு, குளியலறையில் விழுந்துவிட்டார். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, “வேறு ஏதாவது மருந்து, சப்ளிமென்ட் சாப்பிடுகிறாரா?” என்பது. நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்றோம். எங்கள் கணக்கில் அது மருந்தே இல்லை, மூலிகை. அடுத்த நாள்தான் அத்தைக்கு நினைவு வந்து பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் மாமாவின் முகத்தையும் கையையும் இன்னொரு முறை பார்த்தார். “உள்ளே ஸ்டீராய்டு இருக்கும்” என்றார்.

நடந்தது இதுதான். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் அதே வேலையைப் பல மடங்கு வீரியத்தோடு செய்பவை. வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தூங்கிவிடும். வீக்கம் அடங்கி வலி மறைவது உண்மை. ஆனால் உள்ளே மூட்டு தேய்வது நிற்பதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், தொடைத் தசை கரையும். சட்டென்று நிறுத்தினால் தூங்குகிற சுரப்பி உடனே எழுந்துகொள்ளாது. உடம்பில் கார்ட்டிசோலே இல்லாத நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகும். மாமாவுக்கு மருத்துவமனையில் அதே ஸ்டீராய்டைக் கொடுத்து, மாதக்கணக்கில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் மீட்டார்கள்.

அதனால், இப்படி ஏதாவது ஒன்றை நீங்கள் வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

மாமா வீடு திரும்பிய பிறகு அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் அச்சாகியிருந்தது. பெட்டலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின், அதாவது என்பிஆர்ஏவின், இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வந்தது ஓர் இருமல் மருந்தின் பெயர். ஐந்து நிமிட வேலை. வாங்கும்போதே செய்திருக்கலாம். அந்தக் கடைக்காரரைத் தேடிப் போனபோது அதே மாத்திரை வேறு லேபிளில் அடுக்கியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

மலேசியாவில் முறையாகப் பதிவான மருந்திலும் மாத்திரை வடிவ சப்ளிமென்ட்டிலும் எம்ஏஎல் என்ற எழுத்துகள், எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். சப்ளிமென்ட்டுக்கு அந்த எழுத்து ‘என்’ (N), பாரம்பரிய மருந்துக்கு ‘டி’ (T). கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கர். எண் இருந்தால் மட்டும் போதாது. என்பிஆர்ஏ பக்கத்தில் தேடும்போது கையிலிருக்கும் பொருளின் பெயரே வர வேண்டும். மூட்டு வலிக்கு என்று விற்ற பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாக அந்த நிறுவனம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

கோப்பிப் பொட்டலம், சாற்றுப் பொட்டலம் என்று உணவாக விற்பவற்றுக்கு எம்ஏஎல் எண் தேவையில்லை. ஆனால் உணவு என்று விற்கும் பொருள் மூட்டு வலியைக் குணமாக்கும் என்று சொல்லவும் கூடாது. “இது மருந்து இல்லைங்க, வெறும் கோப்பிதான், ஆனா முட்டி வலி பறந்துடும்” என்று ஒருவர் சொன்னால் ஒரே மூச்சில் இரண்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறார்: மருந்தாகப் பதிவு இல்லை, சொல்லக் கூடாததையும் சொல்கிறார்.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. உண்மையான சப்ளிமென்ட் எதுவும் மூட்டு வலியை இரண்டு நாளில் எடுக்காது. கேட்டால் வாரக் கணக்கில்தான் கேட்கும், அதுவும் கொஞ்சமாக. இரண்டே நாளில் வலியும் போய், பசியும் எடுத்து, உற்சாகமும் வந்தால் மகிழ்ச்சி வேண்டாம், பயப்படுங்கள். நம் ஆட்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். அந்த உடம்புக்குள் ஒளித்து வைத்த ஸ்டீராய்டு போனால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

எந்தப் பிராணியின் கொலாஜென் என்று கேட்காதது

கொலாஜென் என்ற இந்தப் புரதம் மாடு, பன்றி, மீன், மூன்றிலிருந்தும் வருகிறது. வீட்டில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் ஒரு வருடம் கழித்து லேபிளைப் படித்துவிட்டு என்னிடம் வந்து நொந்துகொண்டதுண்டு.

மீன் எண்ணெயில் முன்பக்க எண்ணை நம்புவது

முன்னால் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் இபிஏ, டிஎச்ஏ (இவைதான் நாம் தேடும் ஒமேகா-3 கொழுப்புகள்) என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கூட்டுங்கள். சாதாரண மாத்திரையில் 180ம் 120ம் சேர்ந்து 300தான் வரும். மலிவு என்று வாங்கியது மலிவா என்று அப்போதுதான் தெரியும். சந்தையில் கெம்புங் மீன் (கானாங்கெளுத்தி) கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்பது என் தனிப்பட்ட முணுமுணுப்பு.

புரதப் பவுடர் வாங்கிவிட்டு ரொட்டி சானாயை விடாதது

எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். காலையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், மதியம் சோற்றுமேடு, அதன் ஓரத்தில் ஒரு துண்டுக் கோழி என்று ஓடினால் அதில் பாதிகூடத் தேறாது. முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் தெம்பேயில் (புளிக்க வைத்த சோயாக் கட்டியில்) ஏறக்குறைய 19 கிராம். தட்டைச் சரிசெய்த பிறகும் துண்டு விழுந்தால் அதற்குத்தான் பவுடர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மஞ்சள் மாத்திரையும் ரசத்து மஞ்சளும் ஒன்று என்று நினைப்பது

ஒன்றில்லை. மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் மூன்று விழுக்காடு அளவுதான். மாத்திரையில் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி, உடம்பு நன்றாக உறிஞ்ச மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சி முடிந்ததும் வைட்டமின் சி, இ இரண்டையும் பெரிய அளவில் விழுங்குவது

வேண்டாம். பயிற்சியால் உடம்பு அடையும் பலனையே அது மட்டுப்படுத்தக்கூடும்.

கிரியேட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்வது

தசை வலுவுக்காகச் சாப்பிடுவது இது. இந்தப் பையிலேயே நான் மதிக்கிற பாட்டில் இதுதான். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து கிராம், சாதாரண மோனோஹைட்ரேட் போதும். முதல் வாரம் இருபது கிராம் அள்ளிப் போட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இதைச் சாப்பிட்டால் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறும். விவரம் தெரியாத டாக்டர் பதறுவார், நீங்களும் பதறுவீர்கள். பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, தம்பியின் பைக்கு வருகிறேன். ஒவ்வொரு பாட்டிலாகக் கார் மேல் அடுக்கினோம். கிரியேட்டின் இருக்கட்டும் என்றேன். மீன் எண்ணெயும் இருந்தால் இருக்கட்டும். குளுகோசமினுக்குத் தாளும் பேனாவும் வேண்டும் என்றேன். எட்டாவது வரை பேச்சும் சிரிப்புமாகத்தான் போனது. ஒன்பதாவது, பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஹோலோகிராம் இல்லை. எண்ணும் இல்லை.

“இதை யார் கொடுத்தா?”

“ஆபீஸ்ல ஓர் அக்காண்ணே. மூணு வாரமா சாப்பிடறேன். மத்ததெல்லாம் எப்படியோ, இது மட்டும் ரெண்டே நாள்ல கேட்டுச்சு.”

அன்றைக்கு நாங்கள் ஓடவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு இருவரும் கிளினிக் திறக்கும் நேரத்துக்குக் கிளம்பினோம்.