தூண்டிலும் வீட்டுக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்து ஏரிகள் நிரம்பிக் கோடி போகத் தொடங்கிவிட்டால், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளின் நடமாட்டமே மாறிவிடுகிறது. விடிவதற்கு முன்பே வண்டியில் கழியைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போகிறவர்களை எல்லா ஊர்ச் சாலையிலும் பார்க்கலாம். நானும் பல ஆண்டுகளாக அப்படிப் போகிறவன்தான். வாரம் முழுவதும் உழைத்த மனிதன் தண்ணீரைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பதை வீண் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்காக ராடு எனும் தூண்டில் கழி, நூல் சுற்றும் ரீல், நரம்பு எனும் தூண்டில் நூல், செயற்கை இரை என்று வாங்கிக் குவித்ததில் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை அறிவேன். என் வீட்டிலும் ஓர் ஆண்டு அப்படித்தான் ஆயிற்று. வேறொன்றுக்காக வீட்டார் நம்பி ஒதுக்கி வைத்திருக்கும் பணத்திலிருந்து, அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துச் செலவழிப்பதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் அதன் கிளைகளே.

முதல் தவறு, பருவமும் பணமும் ஒன்றாக வரும்போது தடுமாறுவது. ஏரி நிறைகிற ஐப்பசியில்தான் தீபாவளியும் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் போனஸ் கைக்கு வரும் நேரமும் அதுவே. போனஸ் என்பது சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரையறுக்கப்பட்ட தொகை. எதிர்பாராமல் கிடைத்த பரிசைப் போல அது தோன்றினாலும், பெரும்பாலான வீடுகளில் அதற்கு முன்பே உரிமைக்காரர்கள் இருப்பார்கள்: துணிமணி, ஊருக்கு அனுப்ப வேண்டியது, பிள்ளைகளின் இரண்டாம் பருவக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி. கரையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் புதிய ரீல் சத்தமில்லாமல் சுழல்வதைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே போனஸிலிருந்து வாங்கிவிடுகிறவர், தை மாதத்தில் அதே மளிகைக் கடைக்காரரிடம் தவணை கேட்டு நிற்பார். எனவே, போனஸ் வந்த நாளிலிருந்து 30 நாள் கழியும் வரை எந்தத் தூண்டில் சாமானும் வாங்குவதில்லை என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. அந்த 30 நாளில் வீட்டுக்குரியது எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும், மிஞ்சுவதுதான் நம்முடையது.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விலையைக் குறைத்துச் சொல்வது. ஒருமுறை 4,800 ரூபாய்க்கு ஒரு கார்பன் ராடு வாங்கி வந்து, பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தேன். வீடு துடைக்கும்போது என் மனைவி அதை எடுத்து, "ஏங்க, இது எவ்வளவு?" என்று கேட்டாள். "ஆயிரத்து ஐநூறு" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளுடைய தம்பி வீட்டுக்கு வந்தபோது, "மாமா ஆயிரத்து ஐநூறுக்கு நல்ல ராடு வாங்கியிருக்கார், உனக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்" என்று அவனிடம் மனதாரச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கூனிக் குறுகிப் போனேன். உண்மையைச் சொன்னபோது அவள் பணத்துக்காக வருந்தவில்லை. மகளின் கண் பரிசோதனையை "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று நான் தள்ளிப்போட்டது எந்த மாதத்தில் என்பதை மட்டும் நினைவுபடுத்தினாள். அன்று முதல் ரசீதை அரிசி டப்பாவின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறேன். விலையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால், அந்தப் பொருளை இப்போது வாங்கக் கூடாது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, கடன். இணையக் கடைகளில் "வட்டியில்லாத் தவணை" என்று போட்டிருப்பதை நம்பி ராடும் ரீலும் வாங்குகிறவர்கள் அதிகம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி தவணையில் மறைந்துபோகும். அதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மீது ஜி.எஸ்.டி.யும் சேரும். கிரெடிட் கார்டு நிலுவையை முழுதாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவது இன்னும் மோசம். மாதம் 3.5 சதவீதம் என்பது கேட்கச் சிறிதாக இருந்தாலும், கூட்டு வட்டியைச் சேர்க்காமலேயே ஆண்டுக்கு 42 சதவீதம் ஆகிறது. அடகுக் கடையில் மாதம் 2 ரூபாய் வட்டிக்கு நகை வைத்து 10,000 ரூபாய் வாங்கினால், ஓராண்டுக்கு வட்டி மட்டும் 2,400. வட்டி கட்ட மறந்து நகை மூழ்கிப்போனால், போவது ராடின் விலையல்ல. அந்த வீட்டுப் பெண்ணின் தாலிச் சங்கிலியோ, மகளுக்கென்று சேர்த்த கம்மலோ. ஏலச்சீட்டிலும் இதே கதைதான். 50,000 ரூபாய்ச் சீட்டை அவசரத்துக்கு 12,000 தள்ளி எடுத்தால் கையில் வருவது 38,000, மீதித் தவணைகளைக் கட்டுவதோ 50,000 ரூபாய்ச் சீட்டுக்கு. மருத்துவமனைச் செலவுக்குத் தள்ளி எடுக்கலாம். ரீலுக்காக எடுக்கக் கூடாது.

நான்காவது தவறு, நமக்கு வாய்த்த தண்ணீருக்குப் பொருந்தாத சாமானை வாங்குவது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனெனில் பணம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது. நம் பக்கத்தில் கடல் இல்லை. வேலூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கே 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படியிருக்க, கடற்கரையிலிருந்து வீசுவதற்கென்று செய்த 12 அடி ராடையும், அதற்கேற்ற கனமான ரீலையும் காணொளிகளைப் பார்த்து வாங்கி, ஏரிக்கரையில் வேலிகாத்தான் புதருக்கு நடுவே சுழற்ற இடமில்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஏரிகளில் கிடைப்பவை ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, விரால், வளர்ப்புக்கு விட்டிருந்தால் கட்லா, ரோகு, மிர்கால். ஜிலேபிக்கு மண்புழுவும், சிறிய முள்ளும், ஒரு தக்கையும், மூங்கில் கழியும் போதும். எல்லாம் சேர்த்து ஒரு வேளை பிரியாணியின் விலைதான் ஆகும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை வேண்டும். அது மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கிறது. அல்லிக்கொடிகளுக்கு இடையில் பதுங்கியிருக்கும் விராலுக்குத் தவளை வடிவச் செயற்கை இரையும், பின்னல் நரம்பும், 6 அல்லது 7 அடியில் சற்று விறைப்பான ராடும் தேவைப்படலாம். விரும்பி விரால் பிடிப்பவர் செலவழிக்க வேண்டிய இடம் அது ஒன்றே. எந்த மீன், எந்தத் தண்ணீர், ஆண்டில் எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கடைக்குப் போகிறவருக்கு, கடைக்காரர் சொல்வதெல்லாம் தேவையானதாகவே தோன்றும்.

எத்தனை நாள் என்ற கேள்வியைப் பலரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் போன்ற வெள்ளம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவது. சிறிய ஏரிகள் பங்குனி, சித்திரையில் குட்டையாகிவிடுகின்றன. ஆக, ஒருவருக்கு உண்மையில் கிடைப்பது ஐப்பசி முதல் மாசி வரை சுமார் இருபது ஞாயிறு; அதிலும் கல்யாணம், காதுகுத்து, கரிநாள், உடம்பு சரியில்லாதது என்று கழித்தால் பன்னிரண்டு மிஞ்சும். 9,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானை அந்தப் பன்னிரண்டால் வகுத்தால், முதல் ஆண்டில் ஒரு நடைக்கு 750 ரூபாய் விழுகிறது, பெட்ரோலும் இரையும் சேர்க்காமலே. "மீன் கிடைத்தால் கறிச் செலவு மிச்சம்தானே" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரே ஒரு பருவத்துக்கு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். மகிழ்ச்சிக்காகப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்கு எவ்வளவு தரலாம் என்பதை வீட்டாரோடு நேர்மையாகப் பேச முடியும்.

கணக்கில் வராத இன்னொன்று, குத்தகை. பல ஏரிகளில் மீன் பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விடப்பட்டு ஒருவர் கையில் இருக்கும். ஏலத்தொகை கட்டி, குஞ்சு வாங்கி விட்டவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது அவர் போட்ட முதலீட்டில் கைவைப்பதாகும். அணைகளிலும் அனுமதியை விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். சாமான் முழுவதும் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கரையில் உட்காரும் இளைஞர்கள் சிலர், மீனில் தொடங்கி மெல்லக் காட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். தலைவிளக்கு, ஏர்கன், கண்ணி வலை என்று செலவு தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். முதல் அட்டவணையில் உள்ள விலங்காக இருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. முயல்தானே, காடைதானே என்று எண்ணுவதும் தவறு, அவையும் பாதுகாக்கப்பட்டவையே. ஏர்கன்னுக்கு உரிமம் தேவைப்படாத வகைகள் இருக்கின்றன என்பது, அதைக் கொண்டு பறவையைச் சுடலாம் என்று பொருள்படாது. குடியாத்தம் பக்கத்திலிருந்து மலை ஏறினால், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயம் இருக்கிறது. எல்லைக்கல் இருட்டில் தெரியாது. குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனத்தையும் கருவிகளையும் வனத்துறை கைப்பற்றினால் அவை அரசுடைமையாகக்கூடும். வண்டி போனாலும் அதன் தவணை நிற்காது. வக்கீல் கட்டணம், ஜாமீன், வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம் எல்லாம் அந்த வீட்டின் தலையில்தான் விழும். இந்தச் செலவைச் சமன்படுத்த எந்தத் திட்டமும் கிடையாது. அந்தச் சாமானை வாங்காமலிருப்பது ஒன்றே வழி.

நேரத்தைச் செலவாகக் கருதாததும் ஒரு தவறே. ஷிஃப்டு வேலை பார்க்கிறவருக்கு வீட்டோடு இருக்கக் கிடைப்பது ஒரு ஞாயிறு. அதை முழுவதும் கரையில் கழித்தால், பணமே செலவாகாவிட்டாலும் வீட்டில் மனக்குறை சேரும். காலை ஒன்பதுக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லி, சொன்னபடி திரும்புகிறவரின் தூண்டிலை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் இருப்பதைச் சொல்கிறேன். அவரவர் வருமானத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சம்பளம் வந்ததும் வாடகை, பள்ளிக் கட்டணத்துக்கான மாதப் பங்கு, சீட்டு, மருத்துவத்துக்கென்று தனிக் கணக்கில் போடும் தொகை ஆகியவை முதலில் போய்விடும். அவற்றுக்குப் பிறகு 300 ரூபாய் ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும். தூண்டில் சம்பந்தப்பட்ட எதுவும், பெட்ரோல் உட்பட, அந்த டப்பாவிலிருந்துதான். டப்பாவில் இல்லையென்றால் பொருளும் இல்லை. புதிய ராடு வேண்டுமென்றால் பழையது முதலில் விற்றாக வேண்டும். அதே போல் 300 ரூபாய் என் மனைவியின் பெயரிலும் ஒதுக்கப்படுகிறது. அதை அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. இந்த இரண்டாவது 300 இல்லாத வீடுகளில் முதல் 300 நிலைப்பதில்லை என்பது என் அனுபவம்.

சென்ற கார்த்திகையில் ரீலின் கம்பி வளையம் முறிந்தது. கடைக்காரர் புது ரீலை எடுத்து மேசையில் வைத்தார், 2,200 ரூபாய். டப்பாவில் 640 இருந்தது. கம்பியை மட்டும் மாற்றித் தர 180 ரூபாய் ஆயிற்று. மூன்று ஞாயிறு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று ஞாயிறும் மகனோடு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய் ஜிலேபி பிடித்தேன்.